உறையாத பால்

தூக்குவாளியின் மூடியைத் திறந்தபோது உள்ளே பால் பாலாகவே இருந்தது. எங்களிடம் பால் வாங்குகிற ஒரு வீட்டில் முந்தின நாள் ராத்திரி உறை ஊற்றி வைத்த பால் அது. தயிராகவும் ஆகவில்லை, திரிந்தும் போகவில்லை. ஒரு மாதிரி வாடை மட்டும் வந்தது. என் வீட்டுக்காரர் அதை என் முன்னால் வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களுக்கு இரண்டு மாடுகள். விடிந்ததும் அவர் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு, புதுப்பட்டினம் பக்கத்தில் அணு உலையில் வேலை பார்ப்பவர்களின் குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் பால் ஊற்றுவார். அங்கே மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், கைக்குழந்தைக்காரர். அவர்தான் அன்று வாளியை நீட்டி, அக்கம்பக்கத்தார் நடுவே, "பால்ல என்ன கலந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காத மனிதர் இவர். அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவே இல்லை.

நடந்தது இதுதான். மாட்டுக்கு மடிநோய் வந்து, மாட்டு டாக்டர் ஊசி போட்டிருந்தார். சில நாளைக்கு இந்தப் பாலை யாருக்கும் ஊற்றாதே என்றும் சொல்லியிருந்தார். இவர் கேட்கவில்லை. "ஊசி ஏறுன பாலு மருந்து மாதிரிமே. குடிக்கறவங்களுக்கும் நல்லதுதான்" என்று என்னிடம் சிரித்தார். ஏமாற்றுவதற்காகச் சொன்னதல்ல, நிஜமாகவே அப்படி நம்பினார். ஊசி மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. நாலு தும்மல் போட்டால் ஊசி, உடம்பு வலித்தால் ஊசி. மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரை டாக்டர் என்றே எண்ணமாட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மாடு அவர் காலை மிதித்துப் புண்ணாகிவிட்டது. ஊரில் ஊசி போடுகிறவர் ஒருவர் இருந்தார், படித்த டாக்டர் இல்லை. அவரிடம் போய்ப் போய்ப் போட்டுக்கொண்டார். புண் ஆறியது. வயிறு போக ஆரம்பித்தது. அதற்கும் ஊசிதான். தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை, தூக்கம் இல்லை, எந்நேரமும் கேலி பேசுகிற வாய் அடங்கிப்போனது. "காலு சரியாப்பூட்ச்சி பாருமே" என்று காலை நீட்டிக் காட்டுவார். எனக்கு விலா எலும்புதான் கண்ணில் படும். இந்த மனிதர் தங்கமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது.

கடைசியில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன வயசு டாக்டரம்மா கட்டிலருகே நின்று பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் கோடி கோடியாய் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம். தின்றது செரிக்க, நோயைத் தடுக்க, எல்லாவற்றுக்கும் அவை வேண்டுமாம். "கெட்டதக் கொல்லப் போட்ட மருந்து நல்லதையும் சேத்துக் கொன்னுடுச்சுய்யா."

 இவர் கேட்டார்: "ஊசி போட்ட மாட்டுப் பாலு உறையலயே, அதுவும் இப்டித்தானா டாக்டரம்மா?"

அதேதான் என்றார் அவர். மருந்து பாலில் இறங்கினால் உறையில் இருக்கும் கிருமி வேலை செய்யாதாம்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா போனதும் என் கையைப் பிடித்தார். "அந்த வூட்ல கொயந்த கீதுமே. நான் ஊத்துன பாலத்தான குடிச்சிது. போய்ப் பாத்துனு வா."

நான் அந்நியர் முகத்தைப் பார்த்துப் பேசி அறியாதவள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அந்த வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. தட்டுத் தடுமாறி ஊசியைச் சொன்னேன், பாலைச் சொன்னேன், அவர் கிடக்கிற கிடையைச் சொன்னேன். உள்ளே ஒரு பிள்ளை பாத்திரத்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். தயிர்சாதம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும், ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததில் வீட்டில் உறைக்குக்கூட மோர் இல்லாததையும் சொன்னேன். அப்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அதற்குமேல் உறைமோர் கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது அவர் ஊரிலும் எங்கள் ஊரிலும் ஒன்றுதான். அவர் உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். "போற லச்சுமி நாளைக்கு வந்துட்டுப் போறா. கொண்டு போங்கக்கா."

அன்று ராத்திரியே பால் காய்ச்சி அந்த மோரை உறை ஊற்றினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும், "கொயந்த?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். தயிர்சாதத்தில் இரண்டு வாய் வாங்கிக்கொண்டார். "கெட்டியா உறைஞ்சிகீதே" என்றார். "இன்னாமே கலந்த?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ரொம்ப நாளாயிற்று பார்த்து.

தயிர்தான் அவரைத் தேற்றியது என்று சொல்லமாட்டேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள், வயிற்றுப்போக்கு நின்றது, வீட்டுக்கு வந்தார். ஆனால் போன உடம்பு திரும்பவில்லை, சைக்கிளையும் பிறகு தொடவில்லை. சில வருஷம் கழித்து வந்த ஒரு காய்ச்சலுக்குத் தாங்கவில்லை.

மாடுகள் போய்விட்டன, இப்போது பாக்கெட் பால்தான். உறை மட்டும் அன்று கொண்டுவந்த அதே உறை, நாளுக்கு நாள் மாற்றி ஊற்றி வருகிறேன். ஆனாலும் காலையில் பாத்திரத்தின் மூடி மேல் கை வைத்ததும், உள்ளே பால் பாலாகவே இருக்குமோ என்று கை நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறக்கிறேன்.