மாமாவும் பன்னீர் ரோஜாக் குச்சியும்

என் மாமனார் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய ஆனி மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ரோஜாக் குச்சி வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைத் தோழி ஒருவர் மேலப்பாளையத்திலிருந்து வருபவர். தன் வீட்டுப் பன்னீர் ரோஜாவைக் கழித்துவிட்டபோது நாலைந்து குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

“அடியில சாய்வா வெட்டியிருக்கேன் டீச்சர், அந்தப் பக்கத்த மண்ணுல ஊணுங்க. மேல வெட்டுவாயில கொஞ்சம் சாணி அப்பிருங்க. நெழல்ல வச்சு, ஈரம் காயாம பாத்துக்கிடுங்க. பெறகு அதத் தொடவே கூடாது.”

அவர் சொன்னபடியே செய்து, மாடிப்படிக்குக் கீழே தொட்டியை வைத்தேன். சாரல் காற்று பாளையங்கோட்டை வரைக்கும் குளிர்ந்து வந்த நாட்கள். கணுக்களில் செம்புள்ளியாகத் துளிர் எட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கருகிவிட்டது. இன்னொரு முறை குச்சி வாங்கி வந்து வைத்தேன். அதுவும் அப்படியே.

“இது சும்மா குத்தி வச்சாலே பிடிக்குமே. உங்க மண்ணுல என்னமோ இருக்கு,” என்றார் தோழி.

மண்ணை மாற்றினேன். மூன்றாவது முறையும் குச்சி வாங்கிக் கொண்டேன், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஒரு காலையில் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது காரணம் தெரிந்தது. மாமா தொட்டியின் முன்னால் குத்தவைத்திருந்தார். ஒரு குச்சியை மண்ணிலிருந்து உருவி எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதன் அடிப்பாகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா செய்யுதீய?”

“வேர் விட்டுருக்கான்னு பாக்கேம்மா.” பதற்றமே இல்லாமல் குச்சியைத் திரும்பச் செருகி, மண்ணைத் தட்டி அமுக்கினார். “இன்னும் இல்ல.”

“தெனமும் பாக்கியளோ?”

“பாக்காம எப்படித் தெரியும்? வண்டிய எடுக்கதுக்கு முன்னால சுத்தி வந்து டயரத் தட்டிப் பாக்காம நான் எடுத்ததே கெடையாது.”

சமையலறை ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “தோசையயே வெந்துட்டான்னு நாலு தரம் பெரட்டிப் பாக்க மனுசன். குச்சிய விடுவாவளா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து பணிமனைக்குப் போய்ப் பழகிய மனிதர், இப்போது அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டைச் சுற்றி வருகிறார் என்பதும் எனக்குத் தெரியும். தொடக் கூடாது என்று சொன்னால் சரி என்பார். மறுநாள் உருவிப் பார்ப்பார்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு வேரைக் காட்ட, கண்ணாடித் தம்ளரின் ஓரத்தில் அவரை விதையை முளைக்கவிடுவது வழக்கம். அன்று பாடம் நடத்தும்போது அது கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய குளிர்பான பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மணலும் செம்மண்ணும் நிரப்பினேன். மிஞ்சியதில் நல்ல குச்சியாகப் பார்த்து, பாட்டிலின் சுவரை ஒட்டி ஊன்றினேன். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்றதும் அத்தை கிழிந்த குடை ஒன்றின் கறுப்புத் துணியை வெட்டி, பாட்டிலுக்கு எலாஸ்டிக் வைத்த உறை தைத்துக் கொடுத்தார்.

“மாமா, இனிமே உருவ வேண்டாம். துணியக் கீழ எறக்கினா உள்ள தெரியும். பாத்துட்டு ஏத்திவிட்டுருங்க.”

அவர் பாட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா,” என்றார்.

அதன் பிறகு காப்பி குடித்ததும் உறையை இறக்கிப் பார்ப்பது அவருக்கு வேலையாயிற்று. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது “ஒண்ணுமில்ல” என்று ஒரு வார்த்தையில் சொல்லுவார். ஒரு நாள் மதிய இடைவேளையில் கைபேசியை எடுத்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மண் படிந்த பாட்டிலின் படம் ஒன்று கிடந்தது. ‘வேர்’ என்று மட்டும் எழுதியிருந்தார். துபாயில் இருக்கும் கொழுந்தன் அதைக் கலங்கிய தண்ணீர் என்று நினைத்து “தண்ணித் தொட்டி கழுவியாச்சாப்பா?” என்று கேட்டிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டில் சுவரை ஒட்டி வெள்ளை நூல் போல ஒன்று இறங்கியிருந்தது. தோழியிடம் ஓடிப்போய்க் காட்டி, மாமா தினமும் குச்சியை உருவிப் பார்த்த கதையையும் சொன்னேன்.

வேர்கள் பாட்டிலைச் சுற்றிக்கொண்டதும் தொட்டிக்கு மாற்றினோம். பாட்டிலை நான் பிளேடால் கிழிக்க, மாமா மண் உதிராமல் இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். “பைய, பைய” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் பூவைப் பறிக்க அவர் யாரையும் விடவில்லை. அது செடியிலேயே உதிர்ந்தது. அடுத்த பூவை, அவர் எழுவதற்கு முன்பே பறித்துத் தலையில் வைத்துக்கொண்டார் அத்தை. மாமா குனிந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா, “குச்சி குடுத்த டீச்சர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவம்” என்றார். வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். தோழி வாசலுக்கே வந்து “வாங்க மாமா” என்று கூப்பிட்டும், அவர் உள்ளே போகாமல் கேட்டருகே ஆளுயரம் நின்ற தாய்ச்செடியைச் சுற்றி வந்தார். பக்கத்தில் இன்னொரு செடியில் மஞ்சள் பூ இருந்தது.

“இதுல ஒரு குச்சி கெடைக்குமாம்மா?”

“தாரேன் மாமா. ஆனா மஞ்சள் லேசுல பிடிக்காது.”

“பிடிக்குதான்னு தெனமும் பாத்துச் சொல்லுதேன்,” என்றார் மாமா. தோழி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோல் எடுக்க உள்ளே போனார்.