ஆடாத வளையமும் சார்ட்டில் மூன்று பெயர்களும்

பள்ளிக்கூடப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலை செய்வதென்றால், நாலாவது ஆளாக ஒரு அம்மா வேண்டும். அவளுக்கு மார்க்கும் கிடையாது, மரியாதையும் கிடையாது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாத காலம் நான் பார்த்த உத்தியோகம் அது.

ரசத்தில் இறங்கியது

என் மகள் வசந்தா கொடைக்கானலில் ஒரு கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அறிவியல் கண்காட்சிக்கு சிஸ்டர் அவள் குழுவுக்குக் கொடுத்த தலைப்பு இது: டெனிகாய்ட் ரப்பர் வளையத்தைச் சுழற்றி எறிந்தால் அது ஏன் ஆடாமல் போகிறது? விளையாடியவர்களுக்குத் தெரியும், வளையம் காற்றில் தள்ளாடினால் ஃபவுல். குழுவில் இன்னும் இரண்டு பேர். ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த ராவுத்தரின் மகள் நூர்ஜஹான் ஒருத்தி. மேல்மலையில் பூண்டு பயிரிடும் வீட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பேச்சியம்மாள் இன்னொருத்தி.

கூடும் இடம் அட்டுவம்பட்டியில் எங்கள் வீடு. ஏன் எங்கள் வீடு என்று கேட்டேன். முற்றம் சமதளமாக இருக்கிறதாம். இந்த மலையில் சமதளமாக முற்றம் வைத்திருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் நாளே வளையம் சமையலறை ஜன்னல் வழியாக வந்து ரசத்தில் இறங்கியது. கரண்டியோடு வெளியே போனேன். வசந்தா பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். நூர்ஜஹான் மட்டும் நின்ற இடத்திலேயே நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு சொன்னாள்: “வளையம் கொஞ்சங்கூட ஆடாமத்தான் வந்துச்சு ஆன்ட்டி. உங்க ரசந்தான் குறுக்க இருந்துச்சு.”

என் மணிக்கட்டு

நானும் கான்வென்ட்டில் படித்தவள்தான். பள்ளி டீமில் ஒரே ஒரு மாட்ச் ஆடினேன். எறிந்த வளையமெல்லாம் தள்ளாடிப் போனது. மதர் என்னை உட்கார வைத்துவிட்டார். மணிக்கட்டு சரியில்லை என்று அன்றைக்கு யாரோ சொன்னதை இருபத்தைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம், சும்மா பார்ப்போமே என்று வளையத்தை வாங்கி எறிந்தேன். குடிகாரனைப் போலப் போய் ரோஜாச் செடியில் விழுந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை. அவள் பேசுவதே அபூர்வம். அன்று பேசினாள். அவர்கள் வீட்டில் பூண்டை அதன் தாளோடு கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்களாம். அப்பா பரணில் நிற்பார். இவள் கீழிருந்து ஒவ்வொரு கட்டாக முறுக்கி எறிய வேண்டும். முறுக்காமல் எறிந்தால் கட்டு பாதி வழியில் குட்டிக்கரணம் போட்டுவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இதுதான் சோலி. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உங்க கையில குத்தமில்லீங்கம்மா. நீங்க தள்ளி விடுறீங்க, சுத்தி விடல. அம்புட்டுத்தான்.”

விழாத சக்கரம்

நூர்ஜஹான் கடையிலிருந்து ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கொண்டுவந்தாள். அதன் அச்சின் ஒரு முனையில் மட்டும் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். சக்கரம் தொப்பென்று சாய்ந்தது. இதற்கா இந்தக் கூத்து என்று திரும்பினேன். அடுத்த முறை நிமிர்த்திப் பிடித்து, வேகமாகச் சுற்றிவிட்டு, கையை எடுத்தார்கள்.

சக்கரம் சாயாமல் நின்றது. ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் வெறும் காற்று, நிமிர்ந்து நின்றது. நின்றதோடு விடாமல், கயிற்றைச் சுற்றி நிதானமாக ஊர்வலம் வேறு போனது. பிரசங்கங்களில் எத்தனையோ அற்புதங்களைக் கேட்டிருக்கிறேன். என் முற்றத்தில் நடந்து பார்த்தது இது ஒன்றுதான். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வசந்தா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்: “பால் பொங்கி வழியுதும்மா. யாரையும் திட்டாம நிக்கிறியே, காய்ச்சலா?”

பென்சில் கோடு

சிஸ்டர் ஒரு விதி போட்டார். ஒவ்வொருத்தியும் தன் பங்கை இங்கிலீஷில் விளக்க வேண்டும். வாய் திறக்காதவள் பெயர் சார்ட்டிலிருந்து வெட்டப்படும். பேச்சிக்கு இங்கிலீஷ் என்றாலே நாக்கு புரளாது. சார்ட்டில் மகள் பெயரைப் பார்க்க அவள் அப்பா மேல்மலையிலிருந்து வருவதாக வேறு இருந்தது. மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் சொல்ல வைத்தேன். மூன்றாம் நாளும் முதல் வாக்கியத்திலேயே நின்றாள். எனக்குப் பொறுமை போயிற்று. வாய் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுங்கள், மற்றவர்கள் மார்க்காவது மிஞ்சட்டும் என்று அவள் காதுபடவே சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டரும் அவள் பெயர் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். பேச்சி அழவில்லை. “சரிங்கம்மா. எறியறதுக்கு மட்டுமாச்சும் வரட்டுமா?” என்றாள்.

நடுவர் கேட்டது

கண்காட்சி ஹாலில் கூட்டம். பேச்சியின் அப்பா, தோளில் கம்பளியோடு, மாடிப்படியில் எல்லார் தலைக்கும் மேலே நின்றார். நடுவராக மதுரையிலிருந்து ஒரு இயற்பியல் பேராசிரியர் வந்திருந்தார். வசந்தா ஒப்பித்தாள், நூர்ஜஹான் ஒப்பித்தாள், பேச்சி பேசாமல் வளையத்தை எறிந்தாள். அவர் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இது சுழற்சியால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், இந்தப் பெண்ணின் கைவாகாக ஏன் இருக்கக் கூடாது? நாங்கள் தயார் செய்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

சார்ட்டுக்குக் கீழே அலங்காரத்துக்கு ஒரு பூண்டுக்கட்டு வைத்திருந்தார்கள். பேச்சி அதை எடுத்து, முறுக்காமல் மாடிப்படியைப் பார்த்து எறிந்தாள். அது நடுவில் புரண்டு ஒரு சிஸ்டரின் காலடியில் விழுந்தது. எடுத்துவந்து, இந்த முறை மணிக்கட்டைத் திருப்பி எறிந்தாள். கட்டு ஒரு கோடு கிழித்தாற்போலக் கூட்டத்துக்கு மேலே போனது. அப்பா யோசிக்கவே இல்லை; பரணில் பிடிக்கிற மாதிரி ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். பேச்சி பேராசிரியரைப் பார்த்து, நான் எழுதிக் கொடுத்ததில் இல்லாத இங்கிலீஷில் சொன்னாள்: “ஸேம் ஹேண்ட், சார். ஸேம் பூண்டு. ஒன்லி டர்னிங்.”

சிஸ்டரே ரப்பர் தேடி வந்து அந்தப் பென்சில் கோட்டை அழித்தார். ஆக, எங்கள் நாலு பேரில், வாயைத் திறக்காமல் நின்றதற்காக அன்று சார்ட்டில் பெயர் இல்லாமல் போனவள் நான் ஒருத்திதான்.