சனிக்கிழமைக் காளான் கறி

என்னுடைய பிள்ளைகள் சனிக்கிழமையும் ரியூசன் வகுப்புக்குப் போகிறார்கள். எங்களுக்கு அந்தக் காலத்தில் சனிக்கிழமை என்றால் சமையல். பள்ளிக்கூடம் இல்லை, வீட்டுவேலையும் காலையோடு முடிந்துவிடும். வாய்க்கால் கரையில் மருதமரத்தின் கீழே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவோம். நான், பக்கத்து வளவுத் தவமணி, லெட்சுமி. மூன்று பேருக்கும் பத்து வயது.

துணுக்காய்ப் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே எங்கள் குடியேற்றம். எங்கள் வீட்டாரும் தவமணி வீட்டாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வயல்காணி கிடைத்து வந்தவர்கள். லெட்சுமி வீட்டார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காட்டோரமாகக் குடிசை போட்டிருந்தார்கள். அவளுடைய தகப்பன் எங்கள் வயலில்தான் வேலை செய்தார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்க ஒரு தகரப்பேணி எங்கள் வேலிக் கதியாலில் கவிழ்த்தபடி இருக்கும். வேறு யாரும் அதை எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் தனக்கென்று ஒரு பேணி இருக்கும் அளவுக்கு அவருக்கு மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

சமையல் பருவத்துக்குத் தக்கபடி. ஆவணியில் குளம் வற்றினால் சேற்றைக் கிண்டி ஒல்லிக்கிழங்கு எடுத்து அவிப்போம். மாரிமழை விழுந்து நாலைந்து நாளில் புற்றோரம் காளான் பூக்கும். அதில் எது நல்லது, எது கூடாது என்று லெட்சுமிக்கு மட்டும்தான் தெரியும். தாயிடம் பழகியது. குடையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள், மணந்து பார்ப்பாள். நானும் தவமணியும் ஆசையாகப் பிடுங்கிக்கொண்டு போவதில் பாதியை எறிந்துவிடுவாள்.

"இதத் தின்னா நேரா மேலதான் புள்ள" என்று சிரிப்பாள்.

காளான் பூத்த ஒரு சனிக்கிழமை நான் அம்மாவிடம் சட்டி கேட்டேன். கறி வைத்துப் பழகிய மண்சட்டி ஒன்றைத் தந்தார். தவமணி விறகு பொறுக்கினாள், லெட்சுமி கறி வைத்தாள். அவ்வளவு ருசியாக வந்ததால், ஒரு கோப்பையில் அம்மாவுக்கும் கொண்டுபோனேன். அம்மா வாசற்படியில் இருந்து தின்றார். இரண்டாம் தரமும் அள்ளினார்.

"நல்லாயிருக்கு. தவமணியே சமைச்சவள்?"

இல்லை, லெட்சுமி என்று பெருமையாகச் சொன்னேன்.

அம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாய் கொப்பளித்தார். ஒரு தரமல்ல, நாலைந்து தரம். பிறகு கோப்பையில் மிச்சமிருந்ததை வாழையடியில் கொட்டினார்.

"கண்டபாட்டுக்குக் காளான் தின்னக்கூடாது. நஞ்சு" என்றார்.

நான் சட்டியைக் கழுவி உள்ளே கொண்டுபோகப் பார்த்தேன்.

"அது உள்ளுக்கு வேண்டாம். அவளே வைச்சிருக்கட்டும். கொண்டுபோய்க் குடு."

எங்கள் மூன்று பேருக்கும் சாவுதான் என்று ஒரு பக்கம் பயம். பழகிய சட்டியையே அம்மா தூக்கிக் கொடுக்கிறாரே என்று மற்றப் பக்கம் பொறாமை. லெட்சுமி வீட்டுக்குப் போய், அம்மா உனக்குத் தந்தவா என்று சட்டியை நீட்டினேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நஞ்சு என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவேயில்லை. அடுப்படியிலிருந்த அவளுடைய தாய்தான் வெளியே வந்து, நடந்ததை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். வாய் கொப்பளித்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. மகளின் கையிலிருந்த சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த இரண்டு நாளும் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன். தவமணிக்கு ஒரு தரம் வயிறு வலித்தது. அது விளாங்காய் தின்றதால் என்று தெரியவந்தது.

செவ்வாய்க்கிழமை லெட்சுமியின் தாய் எங்கள் படலைக்கு வந்தார், கையில் சட்டியோடு. உள்ளே வரவில்லை.

"நஞ்சுன்னு சொன்னீங்களாம்மா. தின்னு மூணு நாளாச்சு. ஒங்க புள்ளயும் இருக்கு, எம்புள்ளயும் இருக்கு. நீங்களும் நல்லாத்தான் இருக்கீங்க."

பிள்ளைகளைப் பயப்படுத்தத்தான் அப்படிச் சொன்னதாக அம்மா சொன்னார்.

"சட்டி எங்க வீட்லயும் இருக்குங்க" என்று அவர் அதைப் படலையடியில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா அதைக் கையால் தொடவில்லை. காலால் வேலியோரம் தள்ளினார். பின்னேரம் அதில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மா கெட்டவர் இல்லை என்று இந்த இடத்தில் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன், எழுத வரவில்லை. அந்த வருடம் எங்கள் வயலில் விதைத்தது லெட்சுமியின் தகப்பன்தான். அந்த நெல்லுச் சோற்றைத் தின்றுவிட்டு யாரும் கிணற்றடிக்கு ஓடவில்லை.

அடுத்த சனிக்கிழமை லெட்சுமி வரவில்லை. நானும் தவமணியும் காளான் பிடுங்கினோம். எது நல்லது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வாய்க்காலில் எறிந்துவிட்டு, மூட்டிய அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"அவைக்குச் சரியான நடப்பு, தலைக்கனம்" என்றாள் தவமணி. தந்ததைத் திருப்பித் தந்தவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். ஆனாலும் லெட்சுமி இல்லாமல் சனிக்கிழமை இல்லை என்று விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இடைவேளை வரைக்கும் கூச்சத்தோடு காத்திருந்தேன். யாரோடும் நானாகப் போய்க் கதைக்கிற பிள்ளை இல்லை நான். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது வழியில் நின்றேன்.

"காளான் நஞ்சில்லை எண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சிட்டுது. நீ இனி வரலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"காளான்ல என்னைக்குமே ஒண்ணுமில்ல புள்ள" என்றாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய் வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். அந்த வருடம் முழுக்க அங்கேதான் இருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். காளானில் இல்லையென்றால் நஞ்சு வேறு எதில் இருந்தது? அன்று கறிக்குள் போட்டதையெல்லாம் விரல்விட்டு எண்ணினேன். உப்பு, மஞ்சள், பச்சைமிளகாய், அரைமூடித் தேங்காய். எல்லாம் எங்கள் குசினியிலிருந்து நான் கொண்டுபோனவை. அவற்றில் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.