பைண்டர் பின்னிய மர்மக் கதை

போன வாரம் என் மகள் ஒரு மர்ம நாவலை முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "எப்படிப்பா இத்தனை கதையை ஒண்ணோட ஒண்ணு பின்றாங்க?"

எழுத்தாளர்கள் எப்படியோ... எனக்குத் தெரிந்து மிகப் பிரமாதமாகப் பின்னியவர், விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருந்த ஒரு பைண்டர்.

எழுபதுகளின் தொடக்கம். பீங்கான் கம்பெனி ஒன்றில் நான் கிளார்க். குடியிருந்தது சரோஜா அக்கா வீட்டு மாடியில். அக்கா ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தார். வேப்பூரில் இருந்த அவர் தங்கை விஜயா சேர்த்தது, வேறொரு பத்திரிகையின் வேறொரு தொடர். "என்னுதையும் சேத்து பைண்டு பண்ணிடுக்கா" என்று கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

பைண்டர் அத்தியாய எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினார். ஒன்று, ஒன்று... இரண்டு, இரண்டு... ஓரம் சீவியதில் தலைப்புகளும் போயின. ஆக, ஒரே நாவல்!

முதலில் படிக்க ஆரம்பித்தவன் நான். கப்பலில் ஒரு கொலை. எஸ்டேட்டில் ஒரு வைரத் திருட்டு. கப்பலில் யாரோ கதவைத் தட்டுவார்கள் — தொடரும். பக்கத்தைத் திருப்பினால் எஸ்டேட்டில் ஒரு டாக்டர் உள்ளே நுழைவார். தட்டியது அவர்தானே? அதிலென்ன சந்தேகம்! கப்பல் எப்படி மலையேறியது என்று கேட்கத் தோன்றவில்லை. நடுவில் பாலம் போடுவது வாசகன் வேலை. நான் மும்முரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆசிரியரின் மேதைமை பற்றி அக்காவிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"என் கதையில ஏது தம்பி கப்பலு?"

புத்தகத்தைப் புரட்டியவர் முகம் வெளுத்தது. விஜயா சின்ன விஷயத்துக்கே மாதக்கணக்கில் பேச்சை நிறுத்துகிறவர். அக்கா பைண்டரிடம் ஓடினார். பிரித்தால் தாளெல்லாம் கிழியும் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

விஜயா வந்தார். புத்தகத்தோடு உள்ளே போனவர் சாப்பிடக்கூட வரவில்லை. அக்கா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் கதவு திறந்தது.

"கோவமா விஜயா?"

"கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியும்க்கா. இருந்தாலும் உன் டாக்டரு வரப்பல்லாம், இவன்தானோன்னு பயமா இருக்குது. பிரிச்சா ரெண்டும் சப்புன்னு ஆயிடும். ஆறு மாசம் உன் வூட்டுல இருக்கட்டும், ஆறு மாசம் என் வூட்டுல."

சொன்ன கையோடு, முதல் ஆறு மாதத்துக்குப் புத்தகத்தை வேப்பூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாடிக்காரன் இன்னும் முடிக்கவில்லையே என்று யாருமே கேட்கவில்லை.