படலையில் கட்டிய வேப்பிலை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை, கிணற்றைத் தவிர. வீட்டை நடுவால் மறித்து முன்பாதியில் வீட்டுக்காரரும் பின்பாதியில் நாங்களும் இருந்தோம். கிணறு மட்டும் பொது. ஒரே வாளி, ஒரே கயிறு. கொரோனா வரும்வரை அந்த வாளியைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் மனைவிக்கு அப்போதுதான் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்திருந்தது. "கட்டி போயிட்டுது. ஆனா உடம்பில எதிர்ப்புச் சக்தி இல்லை. ஒரு தடிமன் வந்தாலே தாங்கமாட்டா, கவனமா வைச்சிருங்கோ" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்காரரின் மகனுக்கு மீன் சந்தையில் வேலை. நல்ல பிள்ளை. சந்தையில் நோய் பரவுகிறது என்று கதை வந்த பிறகும் அவன் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போவான். அவன் குளித்துவிட்டுப் போனதும் நான் வாளியையும் கயிற்றையும் சவுக்காரம் போட்டுக் கழுவுவேன். கழுவும்போது வாய்க்குள் ஏசுவேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று மனைவி சொல்வாள். அந்த நாட்களில் அது அங்கேயே நிரந்தரமாகக் குடியிருந்தது.

அன்புவழிபுரத்தில் என் ஒன்றுவிட்ட தம்பியின் வீடு பூட்டிக் கிடந்தது. அவன் வெளிநாட்டில். தனிக் கிணறு, சுற்றிவர மதில், முற்றத்தில் ஒரு பெரிய வேம்பு. தொலைபேசியில் கேட்டதும், "இதையெல்லாம் கேக்கிறதே அண்ணை, உடன போங்கோ" என்றான். ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில், கிராம அலுவலரான விதானையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சாமான்களை ஏற்றினோம்.

லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமான் ஏற்றிவந்தவர் அன்புவழிபுரத்து ஆள். மனைவியின் நிலைமையை அவரிடம் மட்டும் சொல்லிவைத்தேன். மனிதர் மாஸ்குக்கு மேலே துவாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் முற்றத்து வெயிலில் இறக்கினார். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. மனைவி வேம்பின் நிழலில் கதிரை போட்டுத் தள்ளி இருந்தாள். நான் அலுமாரியைத் துடைத்தேன், கட்டிலைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

அவர் போனபிறகுதான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் புதிதாகக் குடிவந்தால் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுச் சனமும் கை கொடுக்க வந்துவிடும். கட்டிலுக்கு ஒரு பக்கம் பிடிப்பார்கள். தேத்தண்ணி வரும். யாரோ ஒருவர் குசினிக்குள் போய் உங்கள் சட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார். கொரோனாவுக்காக அந்தப் பழக்கத்தை விட அவர்கள் தயாராக இல்லை. முன்வீட்டில் ஒரு அக்கா, கையில் தேத்தண்ணிப் போத்தலோடு, தெருவில் நின்று மற்றவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

நான் சத்தம்போட மதில் வாசலில் இருந்த படலையடிக்கு நடந்தேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வந்த முதல் நாளே அயலோட கொழுவாதீங்கோ."

"அப்ப உள்ளதைச் சொல்லட்டோ?"

"வேண்டாம். அங்க எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம் பாவம் எண்டு சொல்லியே நான் அரைவாசி செத்துப்போனன். இஞ்சையாவது ஒருத்தருக்கும் தெரியாம இருப்பம்."

கொரோனாவுக்குப் பயம் என்று சொல்லவும் ஏலாது. சொன்னால் எங்களுக்கே கொரோனா என்ற கதை ஒழுங்கையின் மற்றத் தொங்கலுக்குப் போய்விடும். அவள் மேலே வேம்பைப் பார்த்தாள்.

"ஒரு கொப்பு முறிச்சுப் படலையில கட்டுங்கோ."

படலையில் வேப்பிலை கட்டியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மாள் வருத்தம், அதாவது அம்மைநோய், கொப்பளிப்பான் போட்டிருக்கிறது என்று அர்த்தம். சைவ ஆட்களின் வழக்கம்தான். ஆனால் எந்தக் கோயிலுக்குப் போகிறவரும் அதைக் கண்டால் உள்ளே வரமாட்டார், வரவேண்டாம் என்றார்களே என்று மனம் நோகவும் மாட்டார். வீட்டுக்குள் முதலில் கொண்டுபோக வைத்திருந்த மாதா படம் அப்போது என் கையில் இருந்தது.

"மாதா கோவிக்கமாட்டாவோ?" என்றேன்.

"அவவும் பிள்ளையைக் காப்பாத்த ஊர்விட்டு ஊர் ஓடின ஆள்தானே. அவவுக்கு விளங்கும்."

கட்டினேன். முன்வீட்டு அக்கா பாதித் தெருவில் நின்றுவிட்டார். போத்தலைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, தங்கச்சிக்கோ? பயப்பிடாதேங்கோ. வீட்டில மீன், மச்சம் ஒண்டும் சமைக்காதேங்கோ. தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது, அம்மாளுக்கு ஆகாது. இளநி நான் தாறன்." அடுத்த நாள் காலை படலையடியில் செவ்விளநீர்க் குலை ஒன்று கிடந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. வாளியும் கயிறும் எங்களுடையவை மட்டும். முதன்முதலாக அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மனைவி சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி. இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பையிலேயே விட்டுவிடுவாள். வாயில் எல்லாமே இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். வீடு மாறியும் என்ன பிரயோசனம், இவள் இப்படியே கரைந்துபோய்விடுவாளோ என்று நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். படலையில் வேப்பிலை காய்ந்து சுருண்டது. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

ஒருநாள் மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் தெருவில் கேட்டது. படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"சூடை மீன் இருக்கோ எண்டு கேளுங்கோவன். பொரிச்சுத் தந்தா சாப்பிடுவன்."

நான் ஓடினேன். சாரம் படலையில் கொழுவிக் கிழிந்ததைக்கூடப் பிறகுதான் கண்டேன். மீனைக் கழுவி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, கொதிக்கிற எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று எடுத்தேன். அவள் சோற்றோடு சாப்பிட்டாள். முள்ளைச் சப்பினாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு இருந்த சந்தோசத்தில் ஒழுங்கை முழுவதற்கும் பொரித்துக் கொடுத்திருப்பேன்.

ஒழுங்கை என்று நினைத்ததும்தான் எனக்கு உறைத்தது. அம்மாள் வீட்டில் மீன் பொரியல். குசினி யன்னலால் எட்டிப் பார்த்தேன். முன்வீட்டு அக்கா தன் படலையில் நின்று, எங்கள் புகை போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் முழுக்க நான் வெளியே தலைகாட்டவில்லை. பொய்யென்று தெரிந்துவிட்டது, இனி நியாயம் கேட்கப் படலையைத் திறந்துகொண்டு வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இப்போதுதான் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். இனி எங்கே கொண்டுபோவது?

காலையில் தெருக்கூட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். காய்ந்த கொப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் பச்சைப் பசேலென்று புது வேப்பிலை, என்னுடையதைவிட ஒழுங்காக, சிவப்புத் துணியால் கட்டியிருந்தது.

முன்வீட்டு அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். "பழசு காஞ்சு போச்சு தம்பி. காஞ்சதைக் கண்டா வருத்தம் மாறிட்டுது எண்டு ஆக்கள் உள்ளுக்கு வந்திடுவினம். அதுதான் மாத்திக் கட்டினனான்."

நான் விளக்குமாற்றை மதிலில் சாத்தினேன்.

"லான்ட்மாஸ்டர்காரர் தங்கச்சியின்ர நிலைமையை அடுத்த நாளே எனக்குச் சொன்னவர். வேற ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. தங்கச்சி நேற்றுச் சாப்பிட்டவவோ?"

"ஓம் அக்கா. வடிவாச் சாப்பிட்டவ."

"அது காணும். இனிப் பொரிக்கேக்க பின்பக்கமா வைச்சுப் பொரியுங்கோ. இந்த ஒழுங்கையில எல்லாருக்கும் மூக்கு இருக்கு."

உள்ளே போனேன். மனைவி கட்டிலில் எழும்பி இருந்தாள். "என்னவாம் அவ?" என்றாள்.

"நீர் சாப்பிட்டனீரோ எண்டு கேட்டவ."

அவள் யன்னலால் படலையைப் பார்த்தாள். புது வேப்பிலையைக் கண்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இண்டைக்கும் மீன்காரர் வருவாரோ?"