மூக்கு கிள்ளிய நாரத்தை

வேதத்தில் வரும் பழங்களெல்லாம் ஆம்ப்ரோஸுக்கு முதலில் வாசனையாகத்தான் அறிமுகமாயின. பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் அவனுக்கு வேலை. பஞ்சு சுற்றி வட்டப் பெட்டிகளில் வரும் வடநாட்டுத் திராட்சை, வைக்கோல் மெத்தையில் படுத்து வரும் மாதுளை, ஓலைப்பாயில் கட்டிய பேரீச்சை எல்லாம் அவன் கை வழியாகத்தான் ஊருக்குள் போகும். எதையும் பிரிக்கக் கூடாது. எடை போட்டுச் சீட்டு ஒட்டுவதோடு அவன் வேலை முடிந்தது. ஆனால் வாசனைக்குச் சீட்டு ஒட்ட முடியாதே. மத்தியான வண்டி போய் பிளாட்பாரம் அடங்கியதும், கூடைகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டுக்கொண்டு அரைக்கண் மூடி உட்கார்ந்திருப்பான்.

அப்போது பைபிளில் வரும் பிரதான ஆசாரியர் ஆரோன் அவன் கண்முன் நடந்து வருவார். அவர் அங்கியின் ஓரத்தில் பொன்மணி ஒன்று, மாதுளை ஒன்று, மறுபடியும் மணி ஒன்று, மாதுளை ஒன்று. மணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் நடுவில் மாதுளையை வைத்தார்கள் என்பது ஆம்ப்ரோஸின் சொந்த எண்ணம். இரண்டு போர்ட்டர்கள் கம்பில் கூடையைக் கோத்துத் தோளில் சுமந்து வந்தால், கானான் தேசத்திலிருந்து ஒரே திராட்சைக் குலையைத் தூக்கி வந்த வேவுகாரர்கள் அவர்கள்தான். தண்டவாளத்துக்கு அப்பால் நிற்கும் அத்தி மரம், பசியோடு வந்த ஆண்டவருக்குப் பழம் கொடுக்காமல் பட்டுப்போன அந்த அத்திக்குத் தூரத்துச் சொந்தம். "ஆம்ப்ரோஸ், தூங்கறியா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, வர்றேன்" என்பான். எங்கிருந்து வருகிறான் என்று யாரும் கேட்டதில்லை.

காக்ஸ் டவுனில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் அவனும் அவன் அக்கா ஜூடித்தும் இருந்தார்கள். கணவர் இறந்தபின் ஜூடித் தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆம்ப்ரோஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "யாருக்கா என்னைக் கட்டிக்கிட்டுக் கூடை நடுவுல உக்காருவா?" என்பான்.

அறுப்பின் பண்டிகை வந்தால் சபையில் எல்லாரும் அவனைத்தான் தேடுவார்கள். ஆல்டர் பீடத்துக்கு முன் பழம் அடுக்குவது அவன் வேலை. வாக்களிக்கப்பட்ட தேசத்தின் விளைச்சல் என்று வேதம் சொல்லும் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை ஆகியவற்றை நடுவில் வைப்பான். ஒலிவம் என்கிற ஆலிவ் பெங்களூரில் ஏது? மருந்துக்கடை ஒலிவ எண்ணெய்ப் புட்டியைப் பளபளவென்று துடைத்து வைத்துவிடுவான். அவற்றைச் சுற்றி நம்மூர்க் கொய்யாவும் சீத்தாவும் வாழையும் வரும். ஒவ்வொரு பழத்தையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுவான். கடைசியாக, பழத்தின் நுனியில் பூ காய்ந்து குச்சி போல ஒட்டியிருக்குமே, அந்த மூக்கை நகத்தால் கிள்ளி எறிவான். கர்த்தருடைய சந்நிதியில் வாடினது எதுவும் இருக்கக் கூடாது என்பது அவன் சட்டம். பல வருஷப் பழக்கத்தில் அந்த வேலையை மனம் செய்யவில்லை, கட்டைவிரலே செய்தது.

வேதத்தில் இரண்டு பழங்கள் மட்டும் அவனுக்குப் பிடிபடாமல் இருந்தன. ஒன்று, ஏவாள் பறித்தது. படம் போடுகிறவர்கள் ஆப்பிள் போடுகிறார்கள். வேதத்தில் பேர் இல்லை. இன்னொன்று, யூதர்களின் கூடாரப் பண்டிகைக்குக் கையில் எடுக்கச் சொன்னது. அழகான மரத்தின் கனி என்பதோடு அந்த வசனம் நின்றுவிடுகிறது. பேர் இல்லாத அந்த இரண்டையும் நினைத்துக்கொண்டு அவன் எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறான்.

யுத்த காலத்தில் ஒரு செப்டம்பரில் ஹஸ்கல் சார் பார்சல் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் துணி வியாபாரம் செய்யும் யூதப் பெரியவர் அவர். அவருடைய தாத்தா பாக்தாத்திலிருந்து வந்தவராம். ஹஸ்கல் சார் பேசும் தமிழில் பாதி தக்கினி உருது.

"ஆம்ப்ரோஸ், பார்சல் ஆயா?"

"இன்னும் வரல சார். கல்கத்தா வண்டியில எல்லாம் மிலிட்டரி சாமான்தான் வருது."

"மிலிட்டரிக்காரன் என் பழத்தைத் தின்னுடப் போறான். தின்னட்டும், பல்லு கூசிச் சாவான்."

சிரித்தாலும் அவர் முகம் தெளியவில்லை. நாளை சாயங்காலம் கூடாரப் பண்டிகை துவங்குகிறது. ஓலையும் தழையும் கிடைத்துவிட்டன. முற்றத்தில் தழைக் கூடாரமும் போட்டாயிற்று. பழம் மட்டும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஒரு வருஷமும் வெறுங்கையோடு அந்தக் கூடாரத்தில் நின்றதில்லை என்றார்.

"அப்படி என்ன பழம் சார் அது?"

"தௌராத்துல, எங்க வேதத்துல, பேர் இல்ல. அழகான மரத்துப் பழம்னு இருக்கு. எங்க பெரியவங்க வழிவழியா இதுதான்னு எடுத்துட்டு வர்றாங்க." கையைக் குவித்து நீள வாக்கில் காட்டினார். "இவ்ளோ இருக்கும். தோல் தடி, மேடு பள்ளம். எலுமிச்சைக்குப் பெரியப்பா."

ஆம்ப்ரோஸ் முக்காலியை விட்டு எழுந்துவிட்டான். பேர் இல்லாத பழம் ஒன்று வருஷா வருஷம் ஒரு சின்ன மரப்பெட்டியில் அவன் கை வழியாகவே போயிருக்கிறது. அவனே அதற்குச் சீட்டு ஒட்டியிருக்கிறான்.

"சார், அது எங்க வீட்டுக் கிணத்தடியில காய்ச்சுத் தொங்குது! நாங்க நாரத்தைன்னு ஊறுகாய் போடறோம்!"

ஹஸ்கல் சார் கிட்டே வந்தார். "ஒட்டு மரமா? ஒட்டுன்னா ஆகாது."

"எங்கப்பா விதை போட்டு வளர்த்தது சார். அக்கா சாட்சி."

"அக்கா சாட்சின்னா போதும். காலையில எடுத்துட்டு வா. பழத்துல தழும்பு இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் ஜூடித் கிணற்றடிக்கு வந்தபோது, ஆம்ப்ரோஸ் முள்ளுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஊறுகாய்க்குக் கல்லுப்பு வாங்கி வெச்சிருக்கேன். நீ யாருக்குப் பறிக்கற?"

"பண்டிகைக்குக்கா."

"நம்ம பண்டிகைக்கு இன்னும் நாள் கெடக்குடா."

"இது இயேசு சாமியே எருசலேமுக்குப் போன பண்டிகை."

ஜூடித் மரத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நல்லதாப் பாத்துப் பறி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நல்லது ஒன்றுதான் இருந்தது. கீறல் இல்லாமல், பொன்னிறத்தில், இரண்டு கையும் நிறையும் பழம். கழுவினான். துடைத்தான். எண்ணெய் தடவினான். கைக்குட்டையில் பொதிந்து சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு செயின்ட் ஜான்ஸ் ரோடு வழியாகப் போனான். மழை பெய்து ஓய்ந்த காலை. மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தெருவே எருசலேமுக்கு ஏறிப் போவது போலவும், எதிரே வருகிற பால்காரனும் ஆயாக்களும் கையில் ஓலை பிடித்து வருவது போலவும் அவனுக்குத் தோன்றியது.

ஹஸ்கல் சார் வாசலிலேயே காத்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பழத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். காம்பைப் பார்த்தார். உடம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் விளக்கேற்றினது போல ஆயிற்று. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அதற்குள் அவர் கட்டைவிரல் பழத்தின் நுனியில் வந்து நின்றுவிட்டது.

"இங்க ஒரு மூக்கு இருக்கணுமே. எங்க?"

ஆம்ப்ரோஸ் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"சில பழத்துக்குப் பிஞ்சுலயே தானா விழுந்துடும். அது குத்தம் இல்ல, எடுக்கலாம். கை பட்டு உடைஞ்சா ஆகாது." நுனியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எண்ணெய் மினுமினுப்பில் எதுவும் தெரியவில்லை. "என் கண்ணுக்குத் தெரியலை. நீ சொல்லு ஆம்ப்ரோஸ். தானா விழுந்ததா? நீ ஆமான்னா எனக்கு ஆமாதான்."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முற்றத்துக் கூடாரத்தின் தழைக்கூரை காற்றில் சலசலத்தது. ஆமா என்றால் முடிந்தது. பெரியவர் வெறுங்கையோடு நிற்க வேண்டாம். யாருக்கும் நஷ்டம் இல்லை, யாரும் கண்டுபிடிக்கவும் போவதில்லை. ஆம்ப்ரோஸ் வாயைத் திறந்தான். அந்த நொடியில், இத்தனை வருஷமாக அரைக்கண் மூடிப் பார்த்த ஏதேன் தோட்டம் முழுசாக அவன் முன் வந்து நின்றது. அங்கே பழம் நன்றாகத்தான் இருந்தது. பார்க்க அழகு, தின்ன நல்லது. அந்தப் பழத்தோடு பாம்பு சேர்த்துக் கொடுத்த சொல்தான் பொய்.

"நான்தான் சார் கிள்ளினேன். காலையில. அழகா இருக்கட்டும்னு."

ஹஸ்கல் சார் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "அழகா இருக்கட்டும்னு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கோபமா அழுகையா என்று தெரியாமல் ஆம்ப்ரோஸ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"ஏன்டா, நகத்தை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ? மரத்துல வேற காய் இருக்கா?"

"இருக்கு சார். ஒண்ணும் உருப்படியா இல்ல."

"அதை நான் சொல்றேன். ஜட்கா கூப்பிடு."

ஜட்காவின் குதிரை முன்னால் போக, சைக்கிள் பின்னால் வந்தது. ஜூடித் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஹஸ்கல் சார் உட்காராமல் மரத்தடியில் நின்று, கைத்தடியால் ஒவ்வொரு காயாகத் தொட்டுக் காட்டினார். ஒன்றில் காக்கை கொத்தியிருந்தது. ஒன்றில் முள் கீறியிருந்தது. இன்னொன்று இரட்டையாக ஒட்டிப் பிறந்தது. தடி மெதுவாகக் கீழே இறங்கியது.

"என்னடா தேடறாரு?" என்று ஜூடித் கேட்டாள். ஆம்ப்ரோஸ் நடந்ததைச் சொன்னான். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மரத்துக்குப் பின்பக்கம் போய், அடர்ந்த கிளையை ஒதுக்கினாள். உள்ளே பழைய வேட்டித் துணியில் கட்டிய சின்ன மூட்டை ஒன்று தொங்கியது.

"நல்லதையெல்லாம் இவன் ஆல்டருக்குத் தூக்கிட்டுப் போயிடறான் சார். எனக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வெச்சேன்" என்றபடி துணியை அவிழ்த்தாள். அவ்வளவு பெரிதில்லை. வெளிச்சம் படாமல் இளம்பச்சையாக இருந்தது, அடியில் மட்டும் மஞ்சள் இறங்கியிருந்தது. "இதுக்கும் மூக்கு இல்லியே சார். ஆனா பிஞ்சுலயே விழுந்துடுச்சு. வெம்பிடும்னு நெனச்சேன், எப்படியோ வளந்துடுச்சு."

ஹஸ்கல் சார் முள்ளைப் பார்க்காமல் முகத்தை உள்ளே நீட்டினார். நுனியில் ஒரு சின்னக் குழி. அதன்மேல் தோல் மூடி, குழந்தையின் தொப்புள் போல ஆறியிருந்தது.

"அக்கா சாட்சி," என்றார்.

"சாட்சி சார்."

"ஆம்ப்ரோஸ், காம்போட வெட்டு. வேற ஒண்ணும் செய்யாதே. துடைக்கக்கூடத் துடைக்காதே!"

காம்பை வெட்டி அவர் கையில் வைத்ததும் ஆம்ப்ரோஸ் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஜூடித் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

பண்டிகைக்குள் ஒரு நாள் ஹஸ்கல் சார் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டார். தழைக்கூரையின் சந்துகளில் வானம் தெரியும்படி போட்ட கூடாரம். ஒரு கையில் ஓலையும் தழையும், ஒரு கையில் நாரத்தையும் பிடித்து, நான்கு திசைக்கும் மேலும் கீழும் அசைத்து ஜெபம் சொன்னார். பிறகு பழத்தை அவனிடம் நீட்டினார். "முகர்ந்து பார்." ஆம்ப்ரோஸ் கை நீட்டாமல் குனிந்து முகர்ந்தான். கிணற்றடியில் பிறந்தது முதல் தெரிந்த வாசனைதான். ஆனால் அன்றைக்கு அது எங்கேயோ வெகுதூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

"சார், ஏவாள் தின்னது எந்தப் பழம்?"

"அத்தின்னு ஒருத்தர் சொன்னார். திராட்சைன்னு ஒருத்தர். கோதுமைன்னு ஒருத்தர். இதேதான்னு சொன்னவங்களும் உண்டு." கையிலிருந்த பழத்தின் பச்சைத் தோலைத் தடவினார். "பேர் ஏன் சொல்லல தெரியுமா? சொல்லியிருந்தா ஊர்ல எல்லாரும் அந்த மரத்தைக் கல்லால அடிப்பாங்க. மரத்துக்கு அவமானம் வேணாம்னு கடவுள் மறைச்சுட்டார்."

ஆம்ப்ரோஸ் தலையை நிமிர்த்தினான். கூரைச் சந்தில் மேகம் ஒன்று நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்டிகை முடிந்ததும் ஹஸ்கல் அம்மாள் அந்தப் பழத்தை ஜாம் காய்ச்சி ஒரு சிறு ஜாடியில் அனுப்பினாள். "ஊறுகாய்க்கு ஒளிச்சது ஜாமா வந்துடுச்சே" என்று ஜூடித் விரலால் தொட்டு நக்கினாள். மூக்கு கிள்ளிய பெரிய பழம்தான் அவளுடைய கல்லுப்புக்குள் போனது. ஜாம் ஜாடி அறுப்பின் பண்டிகையில் ஒலிவ எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த வருஷம் கொய்யாவும் மாதுளையும் காய்ந்த மூக்கோடு நிற்பதைப் பார்த்து, பெண்கள் சங்கத்து மௌரீன் மேடம், "என்ன ஆம்ப்ரோஸ், கண்ணாடி போடற வயசாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும் மேடம். அது அதோடதுதானே."

அதன்பிறகு பல வருஷம் அவன்தான் பழம் அடுக்கினான். கழுவுவான், துடைப்பான், அதோடு சரி. கிணற்றடிப் பக்கம் போனால் மட்டும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவன் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும்.