மூடியில் எழுதினால் வாங்க மாட்டேன்

திசுப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்குப் பின்னால் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் 'மூடியக்கா'. நோயாளியின் பெயரும் எண்ணும் குப்பியின் மேல் இல்லாமல் மூடியில் மட்டும் இருந்தால், எந்தக் கொம்பன் கொடுத்தனுப்பியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். உள்ளே ஐந்தாறு குப்பிகளை ஒன்றாகத் திறந்து வைத்தால் எந்த மூடி எதனுடையது என்று யார் கண்டார்கள்? திமிர் பிடித்தவள் என்றார்கள். ஆமாம், பிடித்தவள்தான்.

அன்று வார்டு உதவியாளர் இரண்டு குப்பிகளை நீட்டினார். இரண்டிலும் மூடியில்தான் எழுத்து. ஒன்றில் அவள் தங்கையின் பெயர்; மற்றதில் பக்கத்துக் கட்டில் பெண்ணின் பெயர். இரண்டிலும் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு. முடிவு கெட்டதாக வந்தால் வெள்ளிக்கிழமை மார்பை எடுத்துவிடுவார்கள்.

"உங்க தங்கச்சிதானேக்கா? இன்னிக்கு மட்டும் கண்டுக்காதீங்க."

"என் தங்கச்சின்னா மூடி பேசிடுமா? எடுத்த டாக்டரை வரச் சொல்லு."

டாக்டர் மூன்று மாடி இறங்கி, மூச்சு வாங்க வந்தார்.

"ஒரு மூடிக்காக என்னை இழுத்தடிப்பியா? உன்னை வேற இடத்துக்குத் தூக்கி அடிக்கிறேன் பாரு!"

"தாராளமா அடிங்க சார். முதல்ல எது யாரோடதுன்னு காட்டிட்டுப் போங்க."

அவர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டிலும் வெள்ளை நூல் போலத் துணுக்குகள்.

"மூடி எப்போ போட்டீங்க?"

"ரெண்டு பேருக்கும் எடுத்து முடிச்சப்புறம்..." டாக்டரின் சுருதி இறங்கிவிட்டது. "சொல்லத் தெரியலம்மா."

"அப்போ ரெண்டு பேருக்கும் மறுபடி எடுங்க."

சேதி கேட்ட தங்கை மார்பில் போட்ட கட்டோடு ஜன்னலுக்கே வந்து நின்றாள்.

"நீ ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தா எனக்கு இன்னொரு ஊசி இல்ல. கூடப் பிறந்தவதானா நீ?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"இன்னொரு ஊசி குத்தத்தான் விட்டேன்டி. அடுத்தவ கட்டிக்காக உன்னை அறுக்க விடல. உனக்கிருக்கறதுக்கு அவளை அறுத்துட்டு, உன்னை 'ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ'ன்னு அனுப்பவும் விடல."

தங்கை திரும்பி வார்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் வார்டு உதவியாளர் இரண்டு குப்பிகளைக் கொண்டுவந்தார். குப்பிகளின் மேலேயே பெயர், எண், எல்லாம். ஒன்றில் இருந்தது தங்கையின் சாய்ந்த கையெழுத்து.

"துணுக்கு உள்ள விழுந்த கையோட டாக்டர் பேனாவைப் பிடுங்கி உங்க தங்கச்சியே எழுதிட்டாங்கக்கா. பக்கத்துக் கட்டில்காரங்களையும் எழுத வெச்சுட்டாங்க. இந்தத் திமிர் உங்க குடும்பத்துக்கே உண்டோ?"

மூடியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உண்டு. கொண்டா இப்படி."